உப்புத் தேருக்குப் பன்னிரண்டு கனெக்டர்

இயேசு மரி சூசை துணை

12.10.2009
திங்கட்கிழமை

அன்புள்ள லிஜிக்கு ஜான்ரோஸ் எழுதுவது. இங்கே நானும் பெபிஷாவும் குளோரி அக்காவும் நல்ல சுகம். உன் சுகத்துக்காக மிக்கேல் சம்மனசிடம் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கே இந்நேரம் காது புளித்திருக்கும்.

போனில் பேசுகிறவன் எதற்குப் பேனாவை எடுத்தான் என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமைகூடப் பேசினோம். திருவிழா நல்லபடி முடிந்தது என்றேன், சாளை மலிவாகக் கிடைக்கிறது என்றேன், பெபிஷா கணக்கில் தொண்ணூறு வாங்கியதைச் சொன்னேன். சொல்லவேண்டிய ஒன்று மட்டும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு இறங்கிப் போனது. அதற்குள் உன் கார்டு தீர்ந்து லைன் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. பெண்டாட்டியின் குரல் அறுந்ததற்கு நிம்மதி மூச்சு விடுகிறவன் என்ன ஆம்பிளை என்று அன்றைக்கு முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். சனிக்கிழமை பெனிட்டோ குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் பார்க்காமல் உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஊர்க்கதை அறியாமல் உறக்கம் வராது என்பது வேறு விஷயம். அதனால் கவரை நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

லிஜி, போன வருஷத் திருவிழாவில் நடந்த ஒரு காரியத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். நம் பிள்ளை சம்பந்தப்பட்டது. இப்போது அவள் நன்றாக இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி பதறாமல் வாசி. போன கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த டிசம்பரில் நீ வருவதற்கு முன்னால் இது என் கையால் உனக்குத் தெரியவேண்டும். என்னை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் நீ. இதை வாசித்த பிறகு மறுபடியும் அப்படி விட்டுவிட்டுப் போக உனக்கு மனசு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு நான் நன்றி சொல்லவேண்டும். மோதிரம் மாற்றின நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததாக எனக்கு ஓர்மை இல்லை. ஒரு நாளும் நீயும் கேட்டதில்லை.

நீ அந்தப் பொட்டலத்தை அனுப்பியது போன வருஷம் ஜூலையில். அதற்கு முன்னால் போனில் உன்னிடம் புலம்பியிருந்தேன். தேர் லைட்டுக்குப் போடுகிற கனெக்டர் எல்லாம் வருஷா வருஷம் துருப்பிடித்துப் போகிறது, சனங்கள் நேர்ச்சையாகத் தேரில் போடுகிற உப்பு இரும்பைச் சக்கையாக்கிவிடுகிறது, திருவிழா முடிந்து கழற்றப் போனால் மரை இறுகிப்போய் வாள் போட்டு அறுக்கவேண்டியிருக்கிறது என்று. நான் சும்மா புலம்பினேன். நீ அதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்துக்குப் போய் மோட்டாரை எல்லாம் குனிந்து பார்த்திருக்கிறாய். நாள் முழுக்க ஈரம், ஆனால் ஒரு பொட்டுத் துரு இல்லையே என்று மெயின்டெனன்ஸ் பார்க்கிற அந்தத் திருவல்லாக்காரரிடம் விசாரித்திருக்கிறாய். அவர் தன் மேலாளிடம் கேட்டு, வேலையில் மிச்சம் வந்த பித்தளை கனெக்டரைத் தந்திருக்கிறார். தேரில் பைப் ஆறு, ஒரு பைப்புக்கு இரண்டு தலைப்பு என்று கணக்குப் போட்டுச் சரியாகப் பன்னிரண்டு அனுப்பியிருந்தாய். லாக் நட்டும் ரப்பர் வளையமும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தாய், ஊசி மருந்து அனுப்புகிற மாதிரி.

அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் பெருமையாகக் காட்டினேன். நம் திருவிழாக் கமிட்டித் தலைவர் டைட்டஸ் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னா மக்கா, இனிமே ஊசிய நீ போடுவியா? வயரிங்க லிஜி பாப்பாளா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏற்கெனவே ஊரில் பாதிப்பேர் என்னை ‘நர்சு மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், உனக்குத் தெரியும். இது அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தை ஆணியில் மாட்டினேன். இந்த கனெக்டர் இருபத்தைந்து எம்.எம்., நம் பெட்டி ஓட்டை இருபது, சேராது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஓட்டையை உருண்டை அரம் வைத்து ராவினால் அரை நாள் வேலை. அதைச் செய்ய என் கௌரவம் விடவில்லை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீ குளுக்கோஸ் ஏற்றும்போது குழாயை ஊசியில் சும்மா சொருகிவிட்டுப் போவாயா? திருகித்தானே மாட்டுவாய்? நோயாளி புரண்டு படுத்தாலும் கழன்றுவிடக் கூடாதே. இதுவும் அப்படித்தான். தேர் குலுங்குகிற குலுக்கலுக்குக் கட்டிப் பைப் போட்டால் முதல் திருப்பத்திலேயே ஒடிந்துவிடும். அதனால் வளைகிற பைப் போடுகிறோம். அந்தப் பைப் இரும்புப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில்தான் கனெக்டர். அதன் ஒரு பக்கம் பைப்பைக் கவ்விக்கொள்ளும். மறுபக்கம் மரை இருக்கும். அதை ஓட்டையில் நுழைத்து, உள்ளேயிருந்து லாக் நட்டை முறுக்கிவிட்டால் பைப் அசையாது. வயர் தகரத்தில் உரசாது. வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகாது. போன வருஷம் இரும்பு கனெக்டரும் வாங்கவில்லை, நீ அனுப்பியதையும் போடவில்லை. பைப்பை வெறுமனே ஓட்டையில் சொருகி டேப்பைச் சுற்றிவிட்டேன். ஒரு நாள் ஓட்டம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் இந்தத் தொழில் செய்கிறவன் நினைத்தது இது.

பத்தாம் திருவிழா சாயங்காலம் தேர் புறப்பட்டது. லைட் போடுகிற நேரத்துக்குக் கடற்கரைத் தெருவுக்கு வந்துவிட்டது. நம் சனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, கை நிறைய உப்பும் மிளகும் அள்ளி அள்ளித் தேரில் கொட்டினார்கள். கடல் காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து ஒழுகியது. எங்கேயோ ஒரு குலுக்கலில் பைப் ஒன்று பெட்டியிலிருந்து உருவி வந்திருக்கிறது. ஓட்டையின் தகர விளிம்பு வயரின் தோலைக் கீறியிருக்கிறது. மேலே உப்புத் தண்ணீர். தேரைச் சுற்றியிருக்கிற கைப்பிடிக் கம்பி முழுக்கக் கரண்ட் பாய்ந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் நின்று, தெரு வயரை மூங்கிலால் தூக்கிவிடுகிறவனிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் பெபிஷா வந்தாள், லிஜி. கிறிஸ்துமஸுக்கு அம்மா வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கை நிறைய உப்பு வைத்திருந்தாளாம். ஈரக் கையோடு கம்பியைப் பிடித்தவளால் கையை எடுக்க முடியவில்லை.

குளோரி அக்கா போட்ட கூச்சலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒரே ஒருத்தருக்கு. பின்னால் டிராலியில் ஜெனரேட்டரோடு வந்த ஐயப்பன். என்ன ஏது என்று கேட்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்ட மாத்திரத்தில் மெயினை இழுத்துவிட்டார். தேர் அணைந்து நின்றது, பாட்டு நின்றது, ஊர் முழுக்க அவரைத் திட்டியது. அவர் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த மனுசன் ‘என்னவென்று பார்த்துவிட்டுச் செய்வோம்’ என்று நினைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை இருந்திருக்காது. தினமும் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்கிறேன். அவர் சாஸ்தாவைக் கும்பிடுகிறவர், அதனால் என்ன, இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளட்டும்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். இ.சி.ஜி. மூன்று தடவை எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, பயந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் நீ போன் செய்தாய். பிள்ளைக்குக் காய்ச்சல், உறங்குகிறாள் என்று சொன்னேன். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று நீ கேட்டாய். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அது அரைப் பொய் இல்லை, முழுப் பொய்.

கமிட்டி கூடியபோது ஜெனரேட்டரில்தான் கோளாறு என்று ஐயப்பன் தலையில் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடிந்ததும் தேர் நிறுத்துகிற தேர்ப்புரைக்குப் போய் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, நேரே டைட்டஸ் வீட்டு முற்றத்தில் வைத்து, இந்தப் பைப்பைப் பாரும், தப்பு என்னுடையது என்றேன். பிறகு அதே பெட்டியோடு ஐயப்பன் வீட்டுக்கும் போனேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. "பிள்ள எப்பிடி இருக்கு? அதச் சொல்லும் மொதல்ல. சவம், அந்தப் பெட்டிய பொறவு பாக்கலாம்" என்றார். நான் அவர் வீட்டு வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவருடைய மனைவி சாயா போட்டுத் தந்தாள்.

உடம்பு தேறியது, பயம் தேறவில்லை. ஒரு வருஷமாக பெபிஷா எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. பேன் போட "அத்தே" என்று கூப்பிடுவாள். அக்கா மீன் விற்கப் போயிருந்தால் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பாள். வீட்டில் எலெக்ட்ரிசியன் அப்பா இருந்து என்ன பிரயோஜனம்? நான் லைட் போட்டால் அவள் ஒரு அடி தள்ளி நிற்பாள். அந்த ஒரு அடி என்னைக் கொன்றது.

குளோரி அக்காவின் குணம் உனக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை என் சட்டையைப் பிடிக்காத குறைதான். "எலே, நீ சொல்லுதியா, இல்ல நான் சொல்லட்டா? அந்தப் பிள்ள அங்க தனியா கெடந்து கஷ்டப்படுது, அதுகிட்ட மறைக்க ஒனக்கு வெக்கமா இல்லியா?" என்பாள். ஆனாலும் ஒரு வருஷம் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நம் அக்காவுக்கு அது லேசான காரியமா? அவளுக்கும் நன்றி சொல்லவேண்டும். அவள் மேல் நீ கோபப்படாதே. அவளுக்கு உள்ளதையும் சேர்த்து என் மேலேயே வைத்துக்கொள்.

இந்த வருஷம் தேர் வேலையை நாகர்கோவில் ஆளுக்குக் கொடுப்பதாகக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. நியாயந்தானே? நான் டைட்டஸிடம் போய், கூலி வேண்டாம், ஒரே ஒரு தடவை விடும், என் பெண்டாட்டி அனுப்பியதைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சரி. ஆனா தேர் பொறப்படுகதுக்கு முன்ன, லைட்டு எரியும்போ, ஊரு பாக்க நீ கம்பியப் பிடிக்கணும் மக்கா. கேட்டியா?" என்றார். பிடிக்கிறேன் என்றேன்.

ஆணியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். பஞ்சு மட்டும் மஞ்சளாகியிருந்தது, பித்தளையில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டி ஓட்டைகளை அரம் வைத்து ராவி, விளிம்பைக் கை கீறாத அளவுக்கு மழுக்கினேன். கனெக்டருக்குப் பொருத்தமான இருபத்தைந்து எம்.எம். பைப்பை நாகர்கோவிலில் தேடி வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் வைத்து, உள்ளேயிருந்து லாக் நட் போட்டு, கையால் எவ்வளவு போகுமோ அவ்வளவு திருகி, கடைசிச் சுற்றை ஸ்பானரால் முறுக்கினேன். கம்பிக்கும் பெட்டிக்கும் எர்த் இழுத்து ஜெனரேட்டரோடு சேர்த்தேன். கசிவு வந்தால் தானே விழுகிற டிரிப்பரும் மாட்டினேன். பைப்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. பெபிஷா தேர்ப்புரை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள், உள்ளே வரவில்லை. "அப்பா, அது அம்மா அனுப்புனதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எல்லாமா?" என்றாள். பன்னிரண்டும் என்றேன். அங்கே நின்றபடியே விரலால் எண்ணிப் பார்த்தாள்.

திருவிழா அன்று நாலு மணிக்கு ஊர் கூடி நின்றது. டெஸ்டரும் மீட்டரும் வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். நான் முட்டாள்தான், ஆனால் அவ்வளவு முட்டாள் இல்லை. பிறகு செருப்பைக் கழற்றி ஈர மணலில் நின்றேன். இரண்டு கையிலும் உப்பை அள்ளி, தண்ணீரில் நனைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐயப்பனைப் பார்த்துத் தலையாட்டினேன். லைட் எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்த பெயர் மிக்கேல் சம்மனசின் பெயர் இல்லை, லிஜி. அவர் மன்னித்துக்கொள்வார்.

கடற்கரைத் தெருவுக்குத் தேர் வந்தபோது நான் கம்பியை விடாமல்தான் நடந்துகொண்டிருந்தேன். குளோரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பெபிஷா வந்தாள். கிட்டே வந்து நின்றாள். உப்பு அவள் கையில் இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். நான் வா என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவளாகவே என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் மற்றக் கையால் உப்பைப் போட்டாள். "அம்மா வரணும்" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் அழுதார்கள். ஐயப்பன் டிராலியில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கை மட்டும் ஸ்விட்சில். தேர் நிலைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு உப்புக்கல்கூட இல்லை. வீட்டுக்கு வந்தபோது பெபிஷா எனக்கு முன்னால் ஓடிப்போய்த் தானே லைட்டைப் போட்டாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குத்தான் நன்றி, லிஜி. பித்தளைக்கு மட்டும் இல்லை. அவ்வளவு தூரத்தில், நோயாளிகளுக்கு நடுவில், இங்கே ஒருத்தன் புலம்பியதை மறக்காமல் வைத்திருந்தாயே, அதற்கு. அந்தத் திருவல்லாக்காரரைப் பார்த்தால் ஜான்ரோஸ் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல். டைட்டஸ் இப்போது கடையில் என்னைப் பார்த்தால், "லிஜிகிட்ட கேட்டு எங்க வீட்டு மோட்டாருக்கும் ரெண்டு வரவழச்சுத் தாயேன்" என்கிறார். நர்சு மாப்பிள்ளை என்று யாராவது கூப்பிட்டால் இனி திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்பேன்.

இனி கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்திருக்கிறேன். பெபிஷாவின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. சின்னதுதான், கருப்பாக, கம்பி பட்ட நீளத்துக்கு. மே மாதம் அவள் முதல்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மை போட்டோ அனுப்பினபோது, எல்லாப் பிள்ளைகளும் கை கூப்பி நிற்கிறார்கள், இவள் மட்டும் ஏன் ஜெபமாலையை மூடிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்டாய். குறும்பு என்று சொல்லிவிட்டேன். குறும்பு இல்லை. நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அவளாகச் செய்தது. அக்கா கேட்டதற்கு, "அம்மா பாத்தா அப்பாவத் திட்டுவா" என்றாளாம். அது எனக்கு இந்தத் திருவிழா முடிந்த பிறகுதான் தெரியும்.

லிஜி, என்னிடம் பேச மனசு இல்லாவிட்டால் பேசவேண்டாம். டிசம்பரில் வந்து என்ன முடிவு சொன்னாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளைப் போனில் கூப்பிடு. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் மக்கா, இனி கையை மூடவேண்டாம் என்று நீயே சொல்லு. நான் சொன்னால் நம்பமாட்டாள்.

மாதா உன்னைக் காத்து, நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
ஜான்ரோஸ்